எம்.எஸ். நோயாளர் பதிவேடு: மென்பொருளுக்கு முன்னால் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோயாளர் பதிவேடு என்ற பேச்சு எடுத்தாலே, மென்பொருளை யார் செய்வது, சர்வரை எங்கே வைப்பது என்பதில்தான் கூட்டம் முழுக்கக் கழிகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனும் எம்.எஸ். நோயைப் பொறுத்தவரை (உதவித்தொகை உத்தரவுகளில் தண்டுவட மரப்பு நோய் என்று வருவது இதுதான்) அந்த வேலை சில மாதங்களில் முடிந்துவிடும். ஒரு நோயாளியை முதல்முறை பதிவதும் பெரிய காரியமில்லை. அதே ஆளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே அளவுகோலால், பத்து இருபது வருஷம் விடாமல் அளந்து எழுதுவதுதான் கஷ்டம். பதிவேடுகள் படுத்துவிடுவது அங்கேதான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல இந்தக் கடிதம்.

எம்.எஸ். நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றின் மேலுறையைத் தாக்குகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நம் பக்கத்தில் இது குறைவு. மங்களூரு நகரில் நடந்த கணக்கெடுப்பு 2014-ல் வெளியானது. லட்சம் பேருக்கு சுமார் 8 பேர் என்று அது சொன்னது. ஐரோப்பாவின் வட நாடுகளில் லட்சத்துக்கு 200-ஐத் தாண்டும். குறைவாக இருப்பதாலேயே இங்கே பதிவேடு கூடுதலாகத் தேவைப்படுகிறது. எந்த ஒரு மருத்துவமனையிலும் ‘இந்த மருந்து நம்மவர்களுக்கு எப்படி வேலை செய்கிறது’ என்று சொல்லும் அளவுக்கு ஆட்கள் சேர மாட்டார்கள். பல ஊர் ஏடுகளை ஒன்றாகச் சேர்த்தால்தான் கணக்கு வரும்.

இதை முதலில் செய்து காட்டியது டென்மார்க். அங்கே 1949-ல் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு எடுத்தார்கள். அதை அப்படியே விட்டுவிடாமல் 1956-ல் நிரந்தரப் பதிவேடாக்கினார்கள். இன்றும் நடக்கிறது. 1968-ல் எல்லாக் குடிமக்களுக்கும் ஒரே அடையாள எண் வந்தபின், யார் எங்கே சிகிச்சைக்குப் போனாலும், இறந்தாலும், பதிவேட்டோடு பொருந்திவிடுகிறது. பெண்களிடம் எம்.எஸ். புதிதாகத் தோன்றும் வேகம் 60 ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது, ஆண்களிடம் அந்த அளவுக்கு ஏறவில்லை என்ற விவரம் அந்த ஏட்டிலிருந்து வந்ததுதான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசி எம்.எஸ். நோயைக் கொண்டுவருகிறது என்று ஒரு பீதி கிளம்பியபோது, டென்மார்க், ஸ்வீடன் இரண்டிலும் ஏறத்தாழ 40 லட்சம் பெண்களின் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொடர்பு இல்லை என்று 2015-ல் தெளிவாயிற்று. வதந்தி வந்தபிறகு ஏடு திறந்திருந்தால் இது முடிந்திருக்காது.

இனி அன்றாட வேலைக்கு வருகிறோம். எம்.எஸ். பதிவேட்டின் முதுகெலும்பு, ஊனத்தை அளக்கும் ஈ.டி.எஸ்.எஸ். என்ற மதிப்பெண். 0 முதல் 10 வரை. 0 என்றால் பரிசோதனையில் குறையே இல்லை. 10 என்றால் மரணம். 4-க்கு மேலே போனால் பெரும்பாலும் நடக்கும் தூரம்தான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது. துணையில்லாமல், உட்கார்ந்து ஓய்வெடுக்காமல் சுமார் 500 மீட்டர் நடந்தால் 4. 200 மீட்டர் என்றால் 5. 100 மீட்டர் என்றால் 5.5. ஒரு கைத்தடியோடு 100 மீட்டர் என்றால் 6. இரண்டு பக்கமும் பிடிமானத்தோடு 20 மீட்டர் என்றால் 6.5.

இங்கே நடக்கும் தவறு எல்லா வெளிநோயாளர் பிரிவிலும் ஒன்றுதான். யாரும் நடக்கவைத்துப் பார்ப்பதில்லை. “எவ்வளவு தூரம் நடப்பீங்க?” என்று கேட்டு எழுதிவிடுகிறார்கள். “பஸ் ஸ்டாப் வரைக்கும் போவேன் சார்” என்பது பதில். அந்த பஸ் ஸ்டாப் 150 மீட்டரா 400 மீட்டரா என்பது எழுதுகிறவரின் ஊகம். அடுத்த முறை வேறொரு டாக்டர், வேறொரு ஊகம். 5, பிறகு 4, பிறகு 5.5 என்று மதிப்பெண் ஆடும், நோய் ஆடியிருக்காது. இதற்குச் செலவே இல்லாத ஒரு தீர்வு உண்டு. மருத்துவமனை நடைபாதையில் 25 மீட்டரை டேப் வைத்து அளந்து, இரண்டு முனையிலும் தரையில் பெயின்ட் கோடு போட்டால் போதும். போய்த் திரும்பினால் 50. பத்து முறை போய்த் திரும்பினால் 500. கூட ஒருவர் நடந்து எண்ண வேண்டும். மருத்துவமனை மாற்றிக் கட்டும்போது கோடு அழிந்துவிட்டால் மறுபடி அளந்து போட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று வெயில். எம்.எஸ். உள்ளவர்களில் பலருக்கு உடல் சூடேறினால் பழைய அறிகுறிகள் தலைதூக்கும், குளிர்ந்தால் அடங்கும். மேலுறை போன நரம்பில் சூட்டில் மின்சைகை தடுமாறுவதுதான் காரணம். மே மாதம், மூன்று மணி நேர பஸ் பயணம், வரிசையில் நின்று மதியம் இரண்டு மணிக்கு டாக்டரைப் பார்க்கும் ஒருவர், ஜனவரி காலையில் எடுத்ததைவிட ஒரு மதிப்பெண் மோசமாக வருவதில் ஆச்சரியம் இல்லை. அதை ‘நோய் முற்றிவிட்டது’ என்று பதிந்து, அதை நம்பி மருந்தையும் மாற்றினால் என்ன ஆகும்? ஆகவே அளந்த நேரத்தை எழுத ஒரு கட்டம் வேண்டும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால் அன்று அளக்கக் கூடாது. அட்டாக் (அதாவது நோய் திடீரென்று கிளம்புவது) வந்து 30 நாளுக்குள் எடுத்த மதிப்பெண்ணை முற்றிய கணக்கில் சேர்க்கக் கூடாது. உயர்ந்த மதிப்பெண் ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருந்தால்தான் ஊனம் கூடியதாக வைத்துக்கொள்வது வழக்கம். 5.5 வரை இருப்பவருக்கு ஒரு முழு மதிப்பெண் ஏறியிருக்க வேண்டும். அதற்கு மேல் அரை மதிப்பெண் போதும்.

அட்டாக் என்று எதை எழுதுவது என்பதிலும் கறார் வேண்டும். புதிய அறிகுறியோ பழையது மோசமாவதோ 24 மணி நேரமாவது நீடிக்க வேண்டும், காய்ச்சலோ தொற்றோ இருக்கக் கூடாது, முந்தைய அட்டாக்கிலிருந்து 30 நாளாவது இடைவெளி இருக்க வேண்டும். மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி நாளுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் போட்டார்கள் என்பதை வைத்து மட்டும் அட்டாக் என்று எழுதிவிடக் கூடாது. சோர்வுக்கும் பயத்துக்கும்கூட நம்மூரில் ஸ்டீராய்டு போடுகிறார்கள்.

நோய் என்ன என்பதே அடுத்த சிக்கல். நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற நோய் பார்ப்பதற்கு எம்.எஸ். போலவே இருக்கும், மருந்து வேறு. எம்.எஸ். நோய்க்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட், நாட்டாலிசுமாப் போன்றவை இதை மோசமாக்கிவிடும். வட ஐரோப்பாவில் இது எம்.எஸ். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மிகச் சொற்பம். மங்களூருக் கணக்கெடுப்பிலோ லட்சத்துக்கு 2.6 பேர், அதாவது எம்.எஸ். மூன்று பேருக்கு இது ஒருவர் என்ற அளவில். இதைக் காட்டிக்கொடுக்கும் அக்வாபோரின்-4 எதிரணுவுக்கும் (ஆன்டிபாடி), இதையொத்த வேறொரு நோயைக் காட்டும் மாக் எதிரணுவுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் ‘நெகட்டிவ்’ என்று மட்டும் எழுதினால் பாதி விவரம்தான். எலிசா முறையா, செல் அடிப்படையிலான முறையா, மாதிரி எடுத்தது ஸ்டீராய்டுக்கு முன்பா பின்பா என்பதும் வேண்டும். எலிசாவில் தவறவிடுவது அதிகம். நோயின் பெயர் பின்னால் மாறினால், பழைய பெயரை அழித்துவிட்டுப் புதியதை எழுதக் கூடாது. தேதியோடு இரண்டும் நிற்க வேண்டும். எத்தனை பேர் எத்தனை வருஷம் தவறான மருந்தில் இருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும். எம்.எஸ். நோயை உறுதிசெய்யும் மெக்டொனால்ட் விதிமுறையும் 2001-க்குப் பிறகு பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. எந்த ஆண்டின் விதிப்படி உறுதிசெய்தோம் என்று எழுதாத பதிவுகளைப் பிற்காலத்தில் ஒப்பிடவே முடியாது.

மருந்துப் பக்கத்தில் தொடங்கிய தேதியை எல்லோரும் எழுதுகிறார்கள். நிறுத்திய தேதியும் காரணமும்தான் காணாமல்போகின்றன. வெளிநாட்டுப் படிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் காரணங்கள் ‘பலனில்லை’, ‘பக்கவிளைவு’, ‘கர்ப்பம்’, ‘மற்றவை’ என்று இருக்கும். நம் ஊரில் மருந்து நிற்பதற்கு முக்கியமான காரணம் காசு. அது ‘மற்றவை’க்குள் போய் ஒளிந்துகொண்டால் பதிவேடு வைத்தே பயனில்லை. ‘வாங்க முடியவில்லை’, ‘மருத்துவமனையில் இருப்பில்லை’ இரண்டும் தனித்தனிக் கட்டங்களாக இருக்க வேண்டும். அரசின் மருந்துக் கொள்முதலுக்கு இதைவிட நேரடியான தகவல் வேறெங்கும் கிடைக்காது.

ரிடக்ஸிமாப் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் வந்த மருந்து இது. எம்.எஸ். நோய்க்கு என்று உரிமம் இல்லை. ஆனாலும் விலை குறைவு என்பதால் இங்கே நிறையப் பேருக்குப் போடுகிறார்கள். 500 மில்லிகிராமா, 1000-மா, எந்தக் கம்பெனியின் தயாரிப்பு, பேட்ச் எண் என்ன, எத்தனை மாத இடைவெளி என்று ஒவ்வொரு டோஸுக்கும் எழுத வேண்டும். முதல் டோஸுக்கு முன் ஹெபடைட்டிஸ்-பி பரிசோதனை முடிவு, காசநோய் உண்டா என்று பார்த்த விவரம், இம்யூனோகுளோபுலின்-ஜி என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தின் அளவு ஆகிய மூன்றும் கட்டாயம். வருஷக்கணக்கில் போடப்போட அந்த இம்யூனோகுளோபுலின் இறங்கும், தொற்று வரும். ஒரு மருத்துவமனையில் இது இரண்டு பேருக்கு நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடுவார்கள். பதிவேட்டில்தான் அது கண்ணில் படும்.

இந்த மருந்தில் ஸ்வீடன் செய்ததை நம்மவர்கள் பாடமாகவே படிக்கலாம். அங்கும் உரிமம் இல்லாமலேயே பரவலாகப் பயன்படுத்தினார்கள், ஆனால் கிட்டத்தட்ட எல்லாப் பதிவும் தேசிய எம்.எஸ். ஏட்டில் ஏறியது. பிறகு அந்த ஏட்டையே கருவியாக வைத்து 200 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ரிடக்ஸிமாப், டைமெத்தில் ஃபியூமரேட் இரண்டையும் இரண்டு வருஷம் ஒப்பிட்டார்கள். 2022-ல் முடிவு வந்தது. அட்டாக் வந்தது முதல் பிரிவில் 3 சதவீதம், இரண்டாவதில் 16 சதவீதம். எந்த மருந்துக் கம்பெனிக்கும் அந்த ஆய்வை நடத்தும் ஆர்வம் இருந்திருக்காது. பழைய மலிவான மருந்து ஜெயிப்பதில் யாருக்கு லாபம்?

குலுக்கல் எதற்கு, பதிவேட்டில் இருப்பதை நேராக ஒப்பிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. நோய் கடுமையாக இருப்பவருக்குத்தான் வீரியமான மருந்து கொடுப்பார்கள். அப்படியே சராசரி எடுத்தால், வீரியமான மருந்து எடுத்தவர்கள் மோசமாக இருப்பதாகத் தெரியும். வயது, நோய் தொடங்கிய ஆண்டு, முந்தைய இரண்டு வருஷ அட்டாக் எண்ணிக்கை, தொடக்க மதிப்பெண், எம்.ஆர்.ஐ. நிலை ஆகியவற்றில் ஒத்த ஜோடிகளாகப் பொருத்திய பிறகே ஒப்பிட வேண்டும். அந்த விவரங்களில் ஒன்று விடுபட்டாலும் அந்த நோயாளி கணக்கிலிருந்து விழுந்துவிடுவார். இதைச் சரியாகச் செய்தபோது பெரிய விடைகள் கிடைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து 2004 முதல் நடக்கும் எம்.எஸ்.பேஸ் என்ற பன்னாட்டுப் பதிவேட்டையும் ஸ்வீடன் ஏட்டையும் சேர்த்துப் பார்த்து, வீரியமான மருந்தை நோய் தொடங்கி இரண்டு வருஷத்துக்குள் ஆரம்பித்தவர்கள், நான்கிலிருந்து ஆறு வருஷம் கழித்து ஆரம்பித்தவர்களைவிடப் பிற்காலத்தில் குறைந்த ஊனத்தோடு இருந்தார்கள் என்று 2020-ல் காட்டினார்கள். அதேபோல நாட்டாலிசுமாப் மருந்து 2005-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. உயிரைப் பறிக்கும் மூளைத் தொற்று காரணம். 2006-ல், ஊசி போட்டுக்கொள்ளும் ஒவ்வொருவரும் கட்டாயப் பதிவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. அந்தப் பதிவுகளிலிருந்துதான், நான்கு வாரத்துக்குப் பதில் ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒருமுறை போட்டவர்களிடம் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருப்பது தெரியவந்தது.

இந்தியாவில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. மங்களூரில் பல ஆண்டுகளாக ஒரு பதிவேடு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவோடு, டெல்லி எய்ம்ஸ் மையமாக, தேசியப் பதிவேட்டு வலையமைப்பும் வந்திருக்கிறது. தமிழ்நாடு தனியாக ஒரு படிவம் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அந்தப் படிவத்தோடு பொருந்தும்படி செய்தால் போதும். நம் மாநிலத்துக்குப் பதிவேட்டு அனுபவமும் புதிதல்ல. சென்னை அடையாறு புற்றுநோய் மையம் 1982 முதல் நடத்திவரும் பதிவேடு எப்படி நின்றது? டாக்டர்கள் எழுதி அனுப்புவார்கள் என்று காத்திருக்கவில்லை. பணியாளர்களே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் ஏடுகளைப் புரட்டி, இறப்புப் பதிவோடும் சரிபார்த்தார்கள். கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி முறை வேறு விதம். அதில் பதிந்தவருக்கு ஒரு பயன் இருக்கிறது. அந்த எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் வரை இழுபறி. எம்.எஸ். பதிவேட்டுக்கு இந்த இரண்டு குணமும் வேண்டும்.

நோயாளிக்கு என்ன பயன் கொடுக்கலாம்? ஒவ்வொரு வருகையின் முடிவிலும் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் அச்சடித்துக் கொடுக்கலாம். நோய் தொடங்கிய தேதி, இதுவரை வந்த அட்டாக்குகள், இப்போதைய மருந்து, அடுத்த டோஸ் தேதி, கடைசி எம்.ஆர்.ஐ., மதிப்பெண்களின் வரிசை. நள்ளிரவில் வேறு ஊர் மருத்துவமனையில் சேர்ந்தாலும் அந்தத் தாள் பேசும். எம்.எஸ். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகளுள் ஒன்று. மாநில அரசு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையும் தருகிறது. ஈ.டி.எஸ்.எஸ். மதிப்பெண்ணை ஊனச் சதவீதமாக அப்படியே மாற்ற முடியாது என்றாலும், மூன்று நான்கு வருஷ மதிப்பெண்களின் வரிசை மருத்துவக் குழுவின் முன்னால் வலுவான சாட்சி. “இன்னைக்கு நல்லாத்தானே நடக்கிறீங்க” என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஒரே ஆள் இரண்டு முறை பதிவாவதும் இங்கே சகஜம். எஸ். செல்வி கல்யாணத்துக்குப் பிறகு எம். செல்வி ஆகிவிடுவார், ஃபோன் நம்பர் கணவருடையதாக மாறும், மதுரையில் பதிந்தவர் கோயம்புத்தூரில் புதிய நோயாளியாக நுழைவார். பெயர், இனிஷியல், ஊர் மூன்றையும் நம்பக் கூடாது. பிறந்த தேதி, தாயின் பெயர், முதல் அறிகுறி வந்த ஆண்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பொருத்த வேண்டும். ஆபா என்ற 14 இலக்கச் சுகாதார அடையாள எண் இருந்தால் அதையும் சேர்க்கலாம். இல்லை என்பதற்காக யாரையும் விட்டுவிடக் கூடாது. தொடர்பு எண் குறைந்தது இரண்டு, அதில் ஒன்று பிறந்த வீட்டுடையது. தேதி தெரியாதபோது 1.1 என்று போட்டு நிரப்பும் பழக்கம் இருக்கிறதே, அது ஜனவரியில் எல்லோருக்கும் நோய் வருவதாகக் காட்டும். ஆண்டு மட்டும் தெரிந்தால் ஆண்டு நடுவில் ஒரு தேதியைப் போட்டு, ‘தோராயம்’ என்று பக்கத்துக் கட்டத்தில் குறிக்க வேண்டும்.

இரகசியம் பற்றி எங்களுக்குச் சமரசமே கிடையாது. நோயாளிகளில் பெரும்பகுதி கல்யாண வயதுப் பெண்கள். நோய் அரிது என்பதால் பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. ஒரு சின்ன தாலுகாவில் ‘24 வயதுப் பெண், ஆசிரியை, எம்.எஸ்.’ என்று ஒரு வரி வெளியானால் ஊரே ஆளைச் சொல்லிவிடும். ஐந்துக்குக் குறைவான எண்ணிக்கை எந்த அட்டவணையிலும் வெளியாகக் கூடாது. பெயரும் முகவரியும் தனிப் பெட்டகத்தில், ஆய்வுக்குப் போகும் கோப்பில் குறியீட்டு எண் மட்டும். சம்மதப் படிவம் தமிழில், இரண்டு பக்கத்துக்குள். ‘பதிவேட்டிலிருந்து விலகினாலும் சிகிச்சையில் மாற்றம் இருக்காது’ என்ற வரி முதல் பக்கத்திலேயே வர வேண்டும். 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. மருந்துக் கம்பெனிகள் பணம் கொடுத்தால் வாங்கலாம். எவ்வளவு, யாரிடம் என்று பொதுவில் வைக்க வேண்டும். எந்தக் கேள்வியைக் கேட்பது, எதை வெளியிடுவது என்பதில் அவர்களுக்குக் குரல் இருக்கக் கூடாது.

வராமல்போனவர்கள்தான் கடைசி விஷயம், எங்கள் கணிப்பில் மிகப் பெரிய ஓட்டை. நன்றாக இருப்பவர் வருவதில்லை. படுக்கையில் விழுந்தவரும் வருவதில்லை. இரண்டு பேரையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பவர்களை மட்டும் அளந்தால் எந்த மருந்தும் சுமாராகத்தான் தெரியும். குறித்த தேதிக்கு 30 நாள் தாண்டினால் ஃபோன், 60 நாள் தாண்டினால் இரண்டாவது எண்ணுக்கு, அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பகுதிச் சுகாதாரப் பணியாளர் வழியாக விசாரணை. நடக்க முடியாதவருக்கு, தொலைபேசியில் கேட்டே மதிப்பிடும் ஈ.டி.எஸ்.எஸ். கேள்வித்தாள் உண்டு. அந்த மதிப்பெண்ணை ‘தொலைபேசி வழி’ என்று தனியாகக் குறித்தால் போதும்.

இத்தனையையும் 80 பேர் காத்திருக்கும் வெளிநோயாளர் பிரிவில் டாக்டரே செய்ய மாட்டார். செய்யச் சொல்வதும் நியாயமில்லை. நரம்பியல் துறையுள்ள நான்கைந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தொடங்கலாம். ஒவ்வொன்றிலும் ஈ.டி.எஸ்.எஸ். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர், தரவுப் பணியாளர் ஒருவர், இருவருக்கும் ஐந்தாண்டு நியமனம். 11 மாத ஒப்பந்தம் வேண்டாம். பயிற்சி முடிந்து கை தேறும்போது ஆள் போய்விடுவார். சுகாதாரத் துறைக்கு வரும் திட்ட அறிக்கைகளில் ‘மென்பொருள் உருவாக்கம்’ என்ற தலைப்பு மட்டும் இருந்து சம்பளத் தலைப்பு இல்லாவிட்டால், கையெழுத்துப் போடுமுன் அதைக் கேட்டு வாங்குமாறு துறைச் செயலரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எம்.எஸ். நோயாளர் பதிவேட்டுப் பணியில் உள்ள சிலர்,
மதுரை.